ஊறவைத்த சோயாவா, முளைக்கவைத்த சோயாவா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய சோயா அவரையை இரவு ஊறவைத்து, காலையில் அவித்துவிடலாம். சுகமான வேலை. ஆனால் வயிறு ஊதும். விதைக்குள் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி எங்கள் சிறுகுடலில் இல்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டினாலும் கொஞ்சம்தான் போகும்.

அந்த நொதி விதையிடம் உண்டு. முளைக்கவிட்டால், முதல் 2, 3 நாட்களில் இந்தச் சர்க்கரைகளை உடைத்துத்தான் அது முளைக்குத் தீனி போடுகிறது. சேமித்த எண்ணெயில் பெரும்பகுதி அப்புறம்தான் செலவாகும். அதனால் வயிற்றுக்கு முளைதான் இதம், நான் அதைத்தான் செய்கிறேன். யாழ்ப்பாண வெயிலில் ஈரத்துணி சீக்கிரம் காயும். நாளுக்கு மூன்று தரமாவது அலசுங்கள். சரி, முளையையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்: புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அவித்தால்தான் அடங்கும்.