பெரிய ஹாலில் ஸ்கிரப்பர் மெஷின்: பல ஆண்டு ஓட்டிய பிறகு

கண்காட்சி, மாநாடு, இசை நிகழ்ச்சி, விருந்து என்று மாறி மாறி நடக்கும் ஒரு பெரிய ஹாலின் தரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உட்கார்ந்து ஓட்டும் ஸ்கிரப்பர் டிரையர் ஒன்றும், பின்னால் நடந்தபடி தள்ளும் சிறியது ஒன்றும் எங்களிடம் பல ஆண்டுகளாக உழைக்கின்றன. தரையில் தண்ணீர் விட்டு, பிரஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் மெஷின் இது. மெஷின் புதிதாக இருக்கும்போது எழுதிய மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. பேட்டரி மாற்றி, ரப்பர் பல முறை மாற்றி, மோட்டாரைக் கழற்றிப் பூட்டிய பிறகு ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் கிடைப்பதில்லை. வாங்க யோசிப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு “ஓட்டி முடித்தும் தரை மங்கலாகவே இருக்கிறதே” என்று தவிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரப்பரில் பார்க்க வேண்டியது, ஊற்றிய தண்ணீரை அது எவ்வளவு முழுசாகத் திரும்ப எடுக்கிறது என்பதைத்தான். தேய்க்கிற வேலையை ஏறக்குறைய எல்லா மெஷினும் செய்துவிடும். பிரஷ் கிளப்பிவிட்ட அழுக்கு தண்ணீரில்தான் மிதக்கிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தரையிலேயே தங்கினால், அழுக்கும் அங்கேயே மெல்லிய படலமாகக் காய்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஹாலின் ஒரு ஓரத்தில் நின்று விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும் பக்கம் பாருங்கள், கோடு கோடாகத் தெரியும். அடுத்த நிகழ்ச்சியில் அதே இடத்தில்தான் செருப்புத் தடம் முதலில் பதியும்.

தண்ணீரை எடுப்பது பின்பக்கம் இருக்கும் வைப்பர். வளைந்த அந்தச் சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ரப்பர் பட்டைகள் இருக்கும். முன் பட்டையில் தண்ணீர் உள்ளே வருவதற்கான வெட்டுகள் உண்டு. பின் பட்டை தரையோடு ஒட்டி அணை போல நிற்கும். இடையில் தேங்குவதை வாக்குவம் உறிஞ்சி அழுக்குத் தண்ணீர் டேங்குக்கு அனுப்பும். இதில் பின் பட்டையின் விளிம்புதான் உயிர். கத்தி முனை மாதிரி கூராக இருக்கும்வரை தரை காய்ந்துகொண்டே வரும், விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால் எவ்வளவு பெரிய மோட்டாரும் உதவாது. பெரும்பாலான பட்டைகளைக் கழற்றி, திருப்பி, தலைகீழாக்கி நான்கு விளிம்புகளையும் பயன்படுத்தலாம். இது தெரியாமல் ஒரே விளிம்பில் ஓட்டித் தூக்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது.

விழும் கோட்டைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் ரப்பரில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது ஒரு கீறல் விழுந்திருக்கிறது. நடுவிலோ இரு ஓரங்களிலோ அகலமான ஈரப்பட்டை விழுந்தால் வைப்பரின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். எல்லா இடத்திலும் தண்ணீர் நின்றால் குழாய் அடைத்திருக்கும், டேங்க் மூடி சரியாக மூடாமல் காற்று கசியும், அல்லது டேங்க் நிரம்பி உள்ளே மிதவை உறிஞ்சலை நிறுத்தியிருக்கும். எங்கள் ஹாலில் குழாயை அடைப்பது பெரும்பாலும் கேபிள் டை துண்டுகள். ஸ்டால் பிரிக்கும் அன்று வெட்டிப்போட்ட அந்தப் பிளாஸ்டிக் வால்கள் எங்கும் கிடக்கும். ஒரு துண்டு குறுக்கே நின்றால் போதும், அதன் மேல் காகிதமும் நூலும் சேர்ந்து பந்தாகிவிடும்.

ரப்பரிலும் வகை உண்டு. மிருதுவான இயற்கை ரப்பர் மேடு பள்ளமான தரையிலும் நன்றாகப் படியும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிப்போகும். பாலியூரித்தேன் பட்டை விலை கூடினாலும் எண்ணெயைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். சமையல் நடக்கும் பக்கத்திலும் ஃபோர்க்லிஃப்ட் வந்துபோகும் பக்கத்திலும் ஓட்டுவதாக இருந்தால் பாலியூரித்தேன் போடுங்கள்.

மெஷின் ஏறுவதற்கு முன் தரையை உலர்வாகப் பெருக்குவதுதான் அடுத்த முக்கியமான வேலை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். செருப்போடு வரும் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. மார்பிளின் முக்கியக் கனிமமான கால்சைட் அதே அளவில் 3. மணல் கிடக்கும் மார்பிளில் பிரஷ் சுற்றினால் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அகலமான மைக்ரோஃபைபர் டஸ்ட் மாப் போட்டு ஒரு தடவை முழுசாக இழுத்த பிறகே தண்ணீர். வாசலில் நாலைந்து காலடியாவது நடந்து கடக்கும்படி நீளமான மிதியடி போட்டால் உள்ளே வரும் மணலே குறையும். ஒரே எட்டில் தாண்டிவிடும் சின்ன மிதியடி அழகுக்குத்தான் உதவும்.

இசை நிகழ்ச்சி முடிந்த இரவில் இன்னும் கவனம் வேண்டும். மேலிருந்து தூவும் வண்ணக் காகிதத் துணுக்குகள் நனைந்தால் சாயம் விடும். வெளிர் நிற கான்கிரீட்டிலோ பழைய மார்பிளிலோ அந்தச் சாயம் இறங்கிவிட்டால் எடுப்பது மிகவும் கடினம். யாராவது பானத்தைக் கொட்டிய இடத்தில் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் கையால் எடுக்கச் சொல்வேன். மற்றதெல்லாம் காற்று ஊதியோ பெருக்கியோ குவித்துக்கொள்ளலாம்.

கண்காட்சி ஹால்காரர்களின் நிரந்தரத் தலைவலி டேப். கார்பெட் ஒட்டும் இருபக்க டேப்பை உரித்த பிறகு தரையில் பசை நிற்கும். அதன் மேல் ஸ்கிரப்பரை ஓட்டினால் பிரஷ் அந்தப் பசையை நாலு பக்கமும் இழுக்கும், கொஞ்சம் போய் வைப்பர் ரப்பரில் ஒட்டும், பிறகு ஹால் முழுக்கக் கோடு விழும். எந்த டேப் போடலாம் என்பதை நிகழ்ச்சி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒட்டியவர்களே பிரித்த அன்றைக்கே உரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். நாள் போகப் போகப் பசை இறுகும். தரையோடு தாழ்வாக மடக்கி மெதுவாக இழுத்தால் பசை டேப்போடு வரும், வெடுக்கென்று மேல்நோக்கிப் பிடுங்கினால் தரையில் நின்றுவிடும். மிச்சத்துக்கு ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கரைப்பான்கள் நன்றாக வேலை செய்கின்றன. வினைல் தரை என்றால் மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பசை போன பிறகு அந்த எண்ணெயையும் கழுவி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். சூயிங்கத்தைக் குளிர்வித்து இறுகவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டினால் பெயர்ந்து வரும்.

எங்களிடம் நாலு வகைத் தரை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடைமுறை வேறு. நடு ஹால் பாலிஷ் செய்த கான்கிரீட். சிலிகேட் திரவம் கான்கிரீட்டிலிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகித்தான் அதன் மேற்பரப்பு கெட்டியாகிறது, அமிலம் பட்டால் அது அரிக்கும். முகப்புக் கூடத்தில் மார்பிள், அதற்கும் அமிலம் ஆகாது. கழிவறை கழுவும் அமில லிக்விட் ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. கோலா வகைப் பானங்களிலும் அமிலம் உண்டு, கொட்டினால் உடனே துடைக்க வேண்டும். காத்திருந்தால் பளபளப்பு போய் வட்டமாகத் தடம் நிற்கும். அது கறை இல்லை, கல்லே அரிபட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். கான்கிரீட், மார்பிள் இரண்டுக்கும் அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை லிக்விட் போதும். சிறு அறைகளில் வினைல். அதன் மேல் ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியை நாள்கணக்கில் போட்டுவைத்தால் ரப்பரிலிருக்கும் ரசாயனம் வினைலுக்குள் இறங்கிப் பழுப்பு நிறம் நிரந்தரமாகிவிடும். மேடை மரம். அங்கே ஸ்கிரப்பர் ஏறவே ஏறாது. நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் மாப் மட்டும்தான்.

பிரஷுக்குப் பதில் மாட்டும் வட்டமான தேய்ப்பு நார்தான் பேட், அதன் நிறத்தையும் ஊழியர்களுக்கு மனப்பாடமாக்க வேண்டும். வெள்ளை மெருகுக்கு, சிவப்பு தினசரி லேசான சுத்தத்துக்கு, நீலமும் பச்சையும் அழுந்தத் தேய்க்க, பழுப்பும் கறுப்பும் பழைய பூச்சை உரித்தெடுக்க. கறுப்பு பேடை மார்பிளில் போட்டால் ஒரே சுற்றில் பாலிஷ் போய்விடும். இணைப்புக் கோடுகள் நிறைந்த டைல்ஸ் என்றால் பேடைவிட உருளை வடிவ பிரஷ் நல்லது. கோட்டுக்குள் இறங்கித் தேய்க்கும், சிறு குப்பையையும் தன் தட்டில் வாரிக்கொள்ளும்.

லிக்விட் விஷயத்தில் ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு மூடிகூட வேண்டாம். வாசனை வந்தால்தான் சுத்தம் என்று நினைத்து ஊற்றுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. தரையில் மிஞ்சும் சோப்பு பிசுபிசுத்து, அடுத்து வரும் தூசியைப் பிடித்துவைக்கும், ஈரம் பட்டால் வழுக்கும். அழுக்குத் தண்ணீர் டேங்கில் நுரை பொங்கினால் மிதவை அதைத் தடுக்காது, நுரை நேராக வாக்குவம் மோட்டாருக்குள் போகும். மோட்டார் பழுதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் தரையில் சோப்பு மிஞ்சியிருக்கிறதா என்று தெரிய, டேங்கில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நுரை வந்தால் அது பழைய சோப்பு. நுரை நிற்கும்வரை வெறும் தண்ணீரிலேயே ஓட்டுங்கள். மங்கலாகத் தெரிந்த தரை இதிலேயே தெளிவதைப் பார்க்கலாம். ப்ளீச்சையும் அமில கிளீனரையும் ஒரே அறையில் அடுத்தடுத்து வைக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வரும், ப்ளீச் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சுப் புகைதான்.

விளம்பரத்தில் போடும் வேகக் கணக்கை அப்படியே நம்பித் திட்டம் போட வேண்டாம். 70 செ.மீ. அகல மெஷின் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஓடினால் 2,800 சதுர மீட்டர் என்று கணக்கு வரும். ஒரு வரிசை அடுத்த வரிசையின் மேல் கொஞ்சம் ஏறிப் போக வேண்டும், திரும்ப வேண்டும், டேங்கைக் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் போக, பாதிக்குச் சற்று மேல் வந்தாலே நல்ல வேலை. நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 100 லிட்டர் டேங்க் 50 நிமிடத்தில் காலி. தண்ணீர் பிடிக்கும் குழாயும் கழிவு ஊற்றும் இடமும் ஹாலின் மறுகோடியில் இருந்தால் பாதி இரவு மெஷின் நடையிலேயே போய்விடும். ஹால் கட்டும்போதே, ஓட்டப்போகிறவரை அழைத்து அந்த இடத்தைக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தரைக்குள் மின்சாரப் பெட்டியும் கேபிள் கால்வாயும் இருக்கும் ஹால்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டும் முன் ஒவ்வொரு மூடியையும் நடந்து பார்த்து அழுத்தி மூட வேண்டும். மூடியை நெருங்கும்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, அந்த இடத்தைப் பிழிந்த மாப்பால் துடைப்பதே பாதுகாப்பு. திருப்பத்திலும் அப்படித்தான், வளையும்போது வைப்பர் பக்கவாட்டில் விலகித் தண்ணீரைச் சிந்திவிடும். திருப்பத்துக்குச் சற்று முன்னாலேயே தண்ணீரை அடைத்து, மெதுவாக வளைக்கப் பழகிய ஓட்டுநரின் தரையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். சுவரோரமும் தூண் அடியும் எந்த மெஷினுக்கும் எட்டாது, அதற்கு ஆள் வேண்டும். மெஷின் வந்துவிட்டது என்று ஆட்களைக் குறைத்த இடங்களில் ஓரங்கள் கறுத்துக் கிடப்பதைக் காணலாம்.

கதவு திறக்கும்போது தரை காய்ந்திருப்பது அழகு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. ஈரத் தரை எவ்வளவு வழுக்கும் என்று ஊசல் கருவியால் அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு என்று கொள்கிறார்கள். பளபளப்பான கல்லும் பூச்சும் ஈரத்தில் அந்த அளவுக்குக் கீழே போய்விடக் கூடும். கூட்டம் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும் இடத்தில் ஒருவர் வழுக்கினால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள். அதனால் நுழைவாயில் பகுதியை எப்போதும் கடைசியில் விடாமல் முன்னதாகவே முடித்துக் காயவைக்கிறோம்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பெரிய மெஷினில் ஈய அமில பேட்டரி. டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னால் நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், காற்றோட்டமில்லாத அறையில் வைக்கவே கூடாது. முழு சார்ஜுக்கு ஒரு இரவு போய்விடும், அடிக்கடி அடிமட்டம்வரை இறக்கினால் ஆயுளும் குறையும். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்க சில மணி நேரமே கிடைக்கும் ஹாலுக்கு லித்தியம் பொருத்தமானது. இடைவேளையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

வேலை முடிந்ததும் அழுக்கு டேங்கைக் காலி செய்து அலசி, மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். மூடிவைத்தால் மறுநாள் நாற்றம் ஹாலுக்கே வரும். வைப்பரையும் பிரஷையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள், அழுத்தத்திலேயே நின்றால் ரப்பர் வளைந்து அந்த வடிவத்திலேயே தங்கிவிடும். இதற்கெல்லாம் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரில் எழுதிவைக்காவிட்டால் ஒருநாளும் நடக்காது.

இன்று புதிதாக வாங்கச் சொன்னால், ஒரு ராட்சத மெஷினுக்குப் பதில் நடுத்தர அளவில் இரண்டு கேட்பேன். ஒன்று நின்றாலும் கதவு திறக்கும் நேரம் தப்பாது. லித்தியம் பேட்டரி, ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்றும் வைப்பர் ரப்பர், கை விட்டு அலசும் அளவுக்கு வாய் அகன்ற டேங்க், இவை மூன்றும் இல்லாத மாடலைப் பார்க்கவே மாட்டேன். விற்க வருபவரிடம் அவர்களின் ஷோரூம் தரையில் காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் ஹாலிலேயே, இணைப்புக் கோடு அதிகமுள்ள, வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் ஓட்டச் சொல்லுங்கள். தண்ணீரை முழு அளவில் திறக்கச் சொல்லி, ஒரு திருப்பமும் வளைக்கச் சொல்லுங்கள். மெஷின் கடந்த உடனே பின்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தரையில் வைத்து அழுத்தி எடுங்கள், நனைந்திருந்தால் வேறு மாடலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.