1.250 கேட்டால் 1,250-உம் வருகிறது: ரெஜெக்ஸில் புள்ளியை அடக்கும் வழிகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு, கணக்கில் தேடிப் பார்க்க பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். அவர் கணக்கு முழுவதும் ஒரே டெக்ஸ்ட் ஃபைல். ‘மல்லி (மொட்டு) 1.250 கிலோ’ என்கிற மாதிரி வரிகள். எடைக்குப் புள்ளி, ரூபாய்க்குக் கமா. இரண்டாம் நாளே போன் வந்தது: “என்ன மாப்ள, எடையக் கேட்டா ரூவாயும் சேந்து வருது?”

தப்பு என்னுடையதுதான். அவர் தட்டியதை அப்படியே ரெஜெக்ஸாக, அதாவது சில குறிகளுக்குத் தனி அர்த்தம் கொடுத்துத் தேடும் குறிமொழியாக, ஓட விட்டிருந்தேன். ரெஜெக்ஸில் புள்ளி என்றால் ‘ஏதோ ஒரு எழுத்து’. 1,250 சிக்கியது, கமா போடாமல் எழுதிய 11250-உம் சிக்கியது. அடைப்புக்குறி இதைவிட மோசம். அது குழுவாக்கும் குறி என்பதால் ‘மல்லி (மொட்டு)’ என்று தேடினால், அப்படி எழுதியிருக்கும் வரியே கிடைக்காது.

கையால் பேக்ஸ்லாஷ் (\) போடுவது முதல் வழி. அது முன்னால் நின்றால் குறி தன் தனி அர்த்தத்தை இழந்து வெறும் எழுத்தாகிவிடும். நாமே எழுதும் பேட்டர்னுக்கு (தேடல் வடிவத்துக்கு), \. என்று ஓரிரண்டு இடத்தில் போடுவதில் தப்பில்லை. [.] என்று சதுர அடைப்பில் வைத்தால் கண்ணுக்கு இன்னும் தெளிவு; ஆனால் ^ குறிக்கு அந்த உபாயம் உதவாது. பயனர் தட்டுவதற்குக் கைவேலை ஆகவே ஆகாது. ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் இப்படிப்பட்ட குறிகள் 14. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய், பேக்ஸ்லாஷைக் கடைசியில் மாற்றினால், முன்பு போட்ட பேக்ஸ்லாஷ் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். நான் விழுந்த குழி இது.

நிரல்மொழியோடு வரும் லைப்ரரியிடம் விடுவது அடுத்தது. தட்டியதை வெறும் எழுத்தாகவே எடுக்கும்படி அது மாற்றித் தரும். பைத்தானில் ரீ.எஸ்கேப் (re.escape), ஜாவாவில் பேட்டர்ன்.கோட் (Pattern.quote), பெர்லில் கோட்மெட்டா (quotemeta). ஜாவாஸ்கிரிப்டுக்கு இப்படி ஒன்று 2025 தரவரையறையில்தான் வந்தது. அதுவரை எல்லாரும் ஆளுக்கொரு வரியைக் காப்பியடித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். பைத்தான் 3.6 வரை ரீ.எஸ்கேப் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் ஒட்டியது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது. 3.7-இலிருந்து தேவையான குறிகளுக்கு மட்டும். ஒரு எச்சரிக்கை: இது தேடும் பக்கத்துக்கு மட்டுமே. மாற்றிப் போடும் பக்கத்துக்கும் இதையே கொடுத்தால், கணக்கில் பேக்ஸ்லாஷ் முளைக்கும்.

மூன்றாவது, ரெஜெக்ஸையே விட்டுவிடுவது. பைத்தானில் ‘இன்’ (in), கட்டளைத் திரையில் தேடும் கட்டளையான கிரெப்புக்கு (grep) பெரிய எழுத்து ‘எஃப்’ (-F) ஆப்ஷன். புள்ளி புள்ளியாகவே இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். பூ மார்க்கெட் தேடலில் பத்துக்கு எட்டுக்கு ரெஜெக்ஸே வேண்டாம். நம்மாட்கள் கெத்துக்காக நுழைப்பதுதான் அதிகம்.

மிச்சம் இரண்டு? ‘மல்லி’ என்று தேடினால் ‘ஜாதிமல்லி’யும் வந்து நிற்கும். இரண்டும் வேறு பூ, வேறு விலை. தனிச் சொல்லாகப் பிடிக்க ரெஜெக்ஸ் வேண்டும். இங்கேதான் தமிழுக்கென்று ஒரு வம்பு. பைத்தானின் ரெஜெக்ஸ் லைப்ரரியான ரீ, உயிர்மெய்க் குறிகளையும் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ‘மல்லி’ இகரக் குறியில் முடிகிறது. அதற்குப் பிறகு இடைவெளி வந்தால், இரண்டுமே ‘சொல் அல்லாதவை’. ஆகவே சொல் எல்லைக் குறியை (\b) பின்னால் போட்டால், தனியாக நிற்கும் ‘மல்லி’யே சிக்காது. ரீ.எஸ்கேப் என்ன செய்தும் இது தீராது. ‘முன்னாலும் பின்னாலும் இடைவெளி, அல்லது வரியின் முனை’ என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் மாமா கடைக்கு இரண்டையும் வைத்தேன். தேடல் பெட்டியில் சாதாரணத் தேடல். மாதக் கடைசியில் பூவாரியாகக் கூட்டும் இடத்தில் மட்டும் ரீ.எஸ்கேப், கூடவே அந்த இடைவெளிச் சோதனை. இப்போது 1.250 கேட்டால் ரூபாய்க் கணக்கு குறுக்கே வருவதில்லை. ‘மல்லி(மொட்டு)’ என்று இடைவெளி விடாமல் மாமா தட்டும்போது ஒன்றும் கிடைப்பதில்லை, அதற்கும் போன் வருகிறது.