மேட் படலத்துக்கு அடியில் ஒரு புள்ளி: 28 மாத அனுபவம்

சென்ற மாதம் என் மடிக்கணினியின் கீல் உடைந்தது. அதைச் சரிசெய்யத் திரையை மேல்மூடியிலிருந்து பிரிக்க வேண்டியிருந்ததால், 28 மாதங்களாக அதன்மேல் ஒட்டியிருந்த மேட் ஸ்கிரீன் கார்டை, அதாவது திரையின் பளபளப்பை மட்டுப்படுத்தும் மெல்லிய படலத்தை, கடைக்காரர்கள் உரித்துவிட்டார்கள். வெறும் கண்ணாடியோடு திரும்பி வந்த கணினியைக் கண்டதும், என்னுடன் பணிபுரியும் தம்பி, "அண்ணே, நானும் புதுசு வாங்கியிருக்கேன். மேட் ஒட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை தர என்னால் முடியவில்லை. நாங்கள் இருவரும் மெய்ப்புத் திருத்துபவர்கள், அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை தேடுபவர்கள்; திரையில் படம் மட்டும் பார்ப்பவருக்கு நான் சொல்லப்போகும் குறை கண்ணிலேயே படாது.

படலத்தின் நன்மையை மறைக்க மாட்டேன். என்னுடையது 14 அங்குலத் தொடுதிரை, பளபளப்பான கண்ணாடி. மதுரையில் கிழக்கு பார்த்த சன்னலின் வெளிச்சம் நேராகத் திரையில் விழும்படி என் மேசை கிடந்தது. படலம் ஒட்டுவதற்கு முன்பு காலை ஏழரை மணியிலிருந்து பத்து மணிவரை சன்னல் கம்பிகளும் என் வெள்ளைச் சட்டையும்தான் திரையில் தெரியும்; எழுத்தை அவற்றுக்கு இடையே தேட வேண்டியிருக்கும். ஒட்டிய மறுநாளே அந்தப் பிரதிபலிப்பு மங்கலான வெளிச்சமாகக் கரைந்துபோனது. மாலையில் கண் எரிவதும் குறைந்தது. எதிர்பாராத மகிழ்ச்சி இன்னொன்று: மின்பேனாவால் பக்கத்தில் திருத்தக் குறி இடும்போது, கண்ணாடியில் வழுக்குவது போலன்றி, தாளில் எழுதுவது போன்ற உராய்வு கைக்குக் கிடைத்தது. அதற்கு விலையாகப் பேனாவின் முனை விரைவில் தேயும், ஆனால் அந்தச் செலவை நான் மனமுவந்தே செய்தேன்.

ஒட்டியபோது அறிந்த எல்லா முன்னெச்சரிக்கைகளையும் கடைப்பிடித்தேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மார்கழி இரவில், மின்விசிறியை நிறுத்தி, குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியோடு தூசி தரையில் படிந்த பிறகுதான் படலத்தின் அடித்தாளைப் பிரித்தேன். திரைப் படலங்களில் இருப்பது பெரும்பாலும் சிலிகோன் பசை. அது கண்ணாடியோடு தானே பரவி ஒட்டிக்கொள்வதால், சிறு காற்றுக் குமிழிகள் ஓரிரு நாளில் மறைந்துவிடும். என் திரையிலும் மறைந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்குள் இருந்தது காற்றன்று, தூசி. தூசி ஒருநாளும் தானே போகாது.

மேல் விளிம்பிலிருந்து மூன்று விரல் கீழே, நடுவுக்குச் சற்று இடப்பக்கம் அது உட்கார்ந்திருந்தது. 14 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.16 மி.மீ. ஒரு நூல் பக்கத்தை முழுதாகத் தெரியும்படி வைத்தால், சிறிய எழுத்தின் மேலுள்ள புள்ளி இரண்டு பிக்சல் அளவுதான் வரும். என் தூசியின் அளவும் அதுவே. வெள்ளைப் பக்கத்தின்மேல் அது கருமையாகத் தெரிந்தது. உருட்டிப் படிக்கும்போது எழுத்து நகரும், தூசி நகராது, ஆகவே ஏமாற வழியில்லை. ஆனால் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்க்கும்போது, ஒவ்வோர் இடப்பக்கத்திலும் பக்கத் தலைப்பு அதே இடத்தில் வந்து நிற்கும். ஒரு நூலில் அந்தத் தலைப்பு 'நாட்டார் வழக்காற்றியல்'. தட்டச்சில் முதல் றகரத்தின் புள்ளி விடுபட்டு 'வழக்காறறியல்' என்றிருந்ததை, என் தூசி சரியாக அந்த எழுத்தின் தலையில் அமர்ந்து, நூல் முழுவதும் திருத்தமான சொல்லாகக் காட்டியிருக்கிறது. தாளில் எடுத்த மெய்ப்பைப் பார்த்த வடிவமைப்பாளர் அதைக் கண்டுபிடித்தார். ஒரு புள்ளி மெய்யை உயிர்மெய்யிலிருந்து பிரிக்கும் மொழியில், திரையின்மேல் ஒரு பொய்ப்புள்ளியை வைத்துக்கொண்டு நான் வேலை செய்திருக்கிறேன் என்பது அன்று முழுவதும் என்னை வதைத்தது.

அதை எடுக்கவும் முயன்றேன். படலத்தின் ஒரு மூலையைத் தூக்கி, செலோடேப்பின் பசைப்பக்கத்தால் தூசியை ஒற்றியெடுக்கும் முறை பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. எனக்கு ஓரத்திலிருந்து அந்த இடம்வரை தூக்குவதற்குள் வேறு இரண்டு துகள்கள் உள்ளே போயின, பழையதோ அசையவில்லை. அதற்கு மேல் தூக்கினால் படலம் மடிந்து வெண்கோடு விழும் என்று அஞ்சி விட்டுவிட்டேன்.

மேட் படலத்துக்கே உரிய மினுமினுப்பும் உண்டு. மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் சிறு வில்லைகளைப் போல அடியிலுள்ள சிவப்பு, பச்சை, நீல ஒளியைச் சமமின்றிப் பிரித்துக் காட்டுவதால், வெள்ளைப் பக்கம் மணல் தூவியது போலத் தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மேட்டுக்குப் பதில் டெம்பர்டு கண்ணாடி போடலாமே என்பவர்களுக்கு ஒரு சொல்: மேக்புக் கேமராவை மறைக்கும் மூடியே 0.1 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று 2020இல் ஆப்பிள் அறிவுறுத்தியது. மூடிய மடிக்கணினியில் திரைக்கும் விசைகளுக்கும் இடையே அவ்வளவு சிறிய இடைவெளிதான் இருக்கிறது; கண்ணாடியோ அந்த அளவைவிடத் தடிமனானது.

தம்பிக்கு நான் சொன்ன விடை, வேண்டாம் என்பதே. கண்ணுக்கு இதமளித்தது, கைக்குத் தாளைத் தந்தது, விலையும் அதிகமில்லை. இருந்தும் மறுபடி ஒட்ட எனக்கு மனமில்லை. மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன். காலை வேளையில் இப்போதும் சன்னல் திரையில் ஓரளவு தெரிகிறது, பொறுத்துக்கொள்கிறேன். அவர் ஒட்டியே தீருவதென்றால், அடித்தாளை முழுதும் பிரிப்பதற்கு முன் அணைத்த திரையின்மேல் கைவிளக்கைச் சாய்வாக அடித்துத் தூசி பார்க்கட்டும், ஒட்டி முடித்த உடனே வெற்று வெள்ளைப் பக்கமொன்றைத் திரை முழுவதும் திறந்து வைத்து விரல்விரலாகத் தேடட்டும். பசை இறுகாத அந்த முதல் சில நிமிடங்களில் படலத்தைத் தூக்கித் துகளை எடுப்பது எளிது.