தம்பியின் விசா பேப்பரில் கூடுதலாக இருந்த ஒரு எழுத்து

பாண்டியிலிருந்தோ கடலூரிலிருந்தோ பிள்ளையைப் பிரான்சுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, 'மீதி பேப்பர் வேலையெல்லாம் ஏஜென்சி பார்த்துக்கும்' என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் பெயரைப் போட மாட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட்டிருக்கிறோம், வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். பெயரைப் போட்டாலும் பெரிய பிரயோஜனமில்லை, போர்டு மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டை. தெருவில் மூணு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும், எங்கள் வீட்டில் இல்லை. பாண்டியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டுமா என்று எழுதிக் கொடுக்க ஆறு மாசம் டைம் கொடுத்தார்கள். எங்கள் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஆறு மாசத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமோ கருமாதியோ முடிந்ததில்லை. அதனால் தம்பிக்கு லீல் நகரத்தில் மாஸ்டர்ஸ் சீட் கிடைத்தபோது அப்பாவுக்கு இருந்த பரபரப்பைச் சொல்லி மாளாது. எந்தத் தப்பும் நடக்கக்கூடாது என்று ஏஜென்சியிடம் போனோம். போகலாம் என்று சொன்னதும், ஆபீசைத் தேடிப் பிடித்ததும் நான்தான்.

நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி ஆபீஸ். சுவரில் ஈஃபில் டவர் படம், மேஜையில் குட்டி பிரெஞ்சுக் கொடி, ஏசி நல்ல குளிர்ச்சி. பேக்கேஜ் 95,000 ரூபாய். பிரான்சில் படிக்கப் போகிறவர்கள் விண்ணப்பிக்கிற கேம்பஸ் பிரான்ஸ் தளத்தில் அக்கவுண்ட், இன்டர்வியூ பயிற்சி, விசா அப்பாயின்ட்மென்ட், எல்லாம் அதில் அடக்கம். இதையெல்லாம் ஒழுங்காகவே செய்தார்கள், அதை மறைக்க மாட்டேன். விசா வந்தது. 2023 செப்டம்பர் 1-ம் தேதி தம்பி பாரீசில் இறங்கினான்.

விசா விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது தெரியாததால்தான் மாட்டினோம். மாணவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கும் நீண்டகால விசாவே முதல் வருஷத்துக்கு ரெசிடென்ஸ் பர்மிட்டாகவும் செல்லும். தனியாக கார்டு கிடையாது. ஆனால் அது தானாகச் செல்லாது. அங்கே போய் இறங்கிய மூணு மாசத்துக்குள் பிரெஞ்சு உள்துறையின் இணையதளத்தில் அதை வேலிடேட் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இருக்கும், தங்குகிற உரிமை இருக்காது. முன்பு இதற்கு ஃபாரம் நிரப்பி 'ஓஃபி' என்கிற பிரெஞ்சுக் குடியேற்ற ஆபீசுக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து ஆன்லைன். இதில் இன்னொரு ரகமும் உண்டு. விசா ஸ்டிக்கரிலேயே 'கார்த் த செழூர் ஆ சொலிசித்தே' என்று அச்சடித்திருந்தால் அது வேலிடேட் பண்ணுகிற விசா இல்லை, இரண்டு மாசத்துக்குள் கார்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

தம்பி போன இரண்டாவது வாரம் ஆபீசிலிருந்து எனக்கு போன். "மேடம், விசா வேலிடேஷன் டைம் வந்திருச்சு. ஓஃபி ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு, நேராப் போய் முடிச்சுத் தந்துருவாரு. தம்பிய அலைய விட வேணாம். ஒரு பதினாலாயிரம் ஆகும்."

எனக்கு இதில் ஒன்றும் உறுத்தவில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் அடுத்தவன் பில்லில் ஜிஎஸ்டி நம்பர் சரியா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதற்கு அரசாங்கக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவர்களுக்கு அப்போது 50 ஈரோதான், நம் காசில் நாலாயிரத்து நானூறு சொச்சம். பாஸ்போர்ட் போட்டோ, ஏர்போர்ட்டில் குத்திய முத்திரை, லீல் முகவரி, எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பினோம். ஜிபேயில் பணமும் போனது. அக்டோபர் 20-ம் தேதி ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே பிரெஞ்சு அரசு முத்திரை, நடுவில் தம்பி பேர், கீழே ஒரு நீண்ட நம்பர். அப்பா அதை நேரு வீதியில் கலர் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து பீரோவில் வைத்தார்.

தம்பிக்கும் சந்தேகம் வரவில்லை. யூனிவர்சிட்டியில் முதல் நாளே 'விசாவை வேலிடேட் பண்ணுங்கள்' என்று எல்லோருக்கும் சொன்னார்களாம். இவன், "எனக்கு ஊர்லயே பண்ணிட்டாங்க"ன்னு பக்கத்து சீட் பையனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

மாட்டியது வீட்டு வாடகை உதவித்தொகையில். அப்போது அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கும் வாடகையில் ஒரு பகுதியை அரசாங்கம் தந்தது, 'காஃப்' என்கிற ஆபீஸ் மூலமாக. அதற்கு வேலிடேட் ஆன பேப்பர் கேட்டார்கள். தம்பி இந்த பிடிஎஃபை ஏற்றினான். பொங்கல் முடிந்து காணும் பொங்கலன்று கடிதத்தை எனக்கு அனுப்பினான்: இந்த ஆவணத்தை ஏற்க முடியாது. காரணம் என்னவோ பிரெஞ்சில் இருந்தது, அவன் படிப்பது இங்கிலீஷ் மீடியம் கோர்ஸ்.

நான்காவது வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பாண்டிக்காரர்களுக்கு சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். கடிதத்தையும் லேமினேட் செய்த பேப்பரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். லேமினேட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஏம்மா, உன் தம்பி ஆம்பளதானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இங்க பாரு. மிசியேன்னு, அதாவது மிஸ்டர்னு போட்டு உன் தம்பி பேரப் போட்டிருக்கான். அடுத்த வரியில பிறந்த தேதிக்கு முன்னாடி இருக்கிற வார்த்தை பொம்பளைக்குப் போடறது. ஆம்பளைன்னா 'நே'ன்னு ஒரு 'இ'யோட நின்னுடும். பொம்பளைன்னா அதே 'நே'தான், எழுதுறப்ப கடைசில இன்னொரு 'இ' சேரும். சொல்றப்ப ரெண்டும் ஒண்ணு, காதுக்குத் தெரியாது. இது யாரோ ஒரு பொண்ணோட பேப்பர்மா."

அப்புறம் நானே பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். பேப்பரில் இருந்த விசா நம்பருக்கும் ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. பேர் இருந்த வரியின் எழுத்து மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தடிமன். மூணு மாசம் பீரோவில் இருந்தது, ஒரு நாள் இதைப் பார்த்திருக்கலாம்.

அன்றைக்குத் தேதி ஜனவரி 17. கெடு டிசம்பர் 1-ம் தேதியே முடிந்துவிட்டது.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். முதலில் "சர்வர் ப்ராப்ளம் மேடம்" என்றார்கள். பிறகு, "பிரான்ஸ் சைடு ஆள் ஏமாத்திட்டாரு, நாங்களும் விக்டிம்தான்" என்றார்கள். கடைசியில் ஓனர் வெளியே வந்து, ரினீவல் பண்ணும்போது எல்லாம் சேர்த்துச் சரி செய்துவிடலாம், அதற்கு ஒரு 25,000 ஆகும், நமக்காக இருபது என்றார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

சரி, அவன் பேரில் அக்கவுண்டாவது இருக்கும், அதில் நுழைந்து பார்க்கலாம் என்றால் அங்கேதான் அடுத்த அடி. எல்லா விண்ணப்பத்துக்கும் இவர்களே தம்பி பேரில் ஒரு இமெயில் ஐடி உண்டாக்கியிருக்கிறார்கள். பாஸ்வேர்ட் அவர்களிடம். ஓடிபி போகிற நம்பர் அவர்களுடையது. விசாவுக்குக் கொடுத்த பேப்பர், யூனிவர்சிட்டி அனுப்பிய கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாம் அந்த மெயிலுக்குள். தம்பியின் மொத்த வாழ்க்கையும் வேறொருவன் வீட்டில் பூட்டிக் கிடக்கிற மாதிரி. பணம் போனதைவிட இதுதான் என்னைத் தூங்க விடவில்லை. விசா வேலைக்கு யாரிடம் போனாலும் போங்கள், இமெயிலும் போன் நம்பரும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். 'எங்க ஐடியிலேயே பண்ணிடறோம், உங்களுக்கு ஈசி' என்று எவன் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பி யூனிவர்சிட்டியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய் உண்மையைச் சொன்னான். அந்த அம்மா நல்லவர். திட்டவில்லை. மூணு மாசம் தாண்டிவிட்டதால் அவன் அங்கே இருப்பதே முறையானதில்லை, ஊருக்குத் திரும்பி புது விசா வாங்கி வருவதுதான் வழி என்றார். போலிப் பேப்பரை அரசாங்க ஆபீசில் கொடுத்தது இவன் கையால்தான், அது அந்த ஊர் சட்டப்படி குற்றம், உடனே 'காஃப்'புக்கு எழுத்தில் விளக்கம் கொடு என்றும் சொன்னார். அது வரை எனக்கு அந்தக் கோணமே தோன்றவில்லை. பேப்பரைத் தயாரித்தவன் ஏசியில் இருக்கிறான், கொடுத்தவன் பேர்தான் ஃபைலில் இருக்கிறது.

பிப்ரவரியில் வந்தான். முழங்கால் வரை குளிர்கோட்டு போட்டுக்கொண்டு முத்தியால்பேட்டை வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கினான். தெருவில் லீவுக்கு வந்திருப்பதாகச் சொன்னோம். சைபர் கிரைமில் கொடுத்த புகார் நகல், யூனிவர்சிட்டி கடிதம், நடந்ததைச் சொல்லி ஒரு விளக்கம், எல்லாம் சேர்த்து இந்த முறை தானே விண்ணப்பித்தான். விசா வந்தது, ஆனால் ஏப்ரல் ஆகிவிட்டது. டிக்கெட், புது விசா, பூட்டிய ரூமுக்குக் கட்டிய வாடகை என்று ஒண்ணரை லட்சத்தைத் தாண்டியது. இரண்டு பேப்பர் போய் ஜூனில் மறுதேர்வு எழுதினான்.

இந்த முறை வேலிடேஷனை நான் கண்ணால் பார்த்தேன். அங்கே ராத்திரி எட்டு மணி, இங்கே பதினொண்ணரை. வாட்ஸப் வீடியோவில் லேப்டாப்பை எனக்குக் காட்டிக்கொண்டே செய்தான். தளத்தின் முகவரி 'ஜி-ஓ-யு-வி டாட் எஃப்-ஆர்' என்று முடிகிறதா என்று முதலில் பார்த்தான். விசா நம்பர், அதன் தேதிகள், பிரான்சுக்குள் நுழைந்த தேதி, முகவரி, போன். அப்புறம் கார்டில் 50 ஈரோ கட்டி மின் முத்திரை. உறுதிச் சான்று பிடிஎஃப் வந்தது. எல்லாம் இருபது நிமிஷம். அடுப்பில் நான் வைத்திருந்த பால் பொங்கி வழிந்ததுதான் அன்றைக்கு நஷ்டம். இதற்கா பதினாலாயிரம், இதற்கா 'நேராப் போற ஆள்'?

அடுத்த வலையையும் சொல்லிவிடுகிறேன். ரினீவலும் ஆன்லைன்தான். விசா முடிவதற்கு நாலு மாசத்துக்கும் இரண்டு மாசத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிந்த பிறகு போனால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தண்டம் உண்டு, 2024-ல் அது 180 ஈரோ. ப்ரெபெக்சர் என்கிற மாவட்ட அரசு அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டி வந்தால் ரான்தேவூ, அதாவது அப்பாயின்ட்மென்ட், இலவசம், அதையும் பிடித்து வைத்துக் காசுக்கு விற்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அதில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. 'நம்ம ஊர்க்காரர்தானே' என்று ஏமாந்த இரண்டு பையன்களை தம்பிக்குத் தெரியும்.

வழக்கு விஷயம். 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு. படிக்க அனுப்புகிற கன்சல்டன்சியை அதில் பிடிக்க முடியாது என்றார் வக்கீல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் போகலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. ரசீதை எடுத்துப் பார்த்தால் '95,000 – ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. பதினாலாயிரத்துக்கு ரசீதே இல்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸப் உரையாடலும் இருந்ததால் தப்பித்தோம். அவர்கள் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்ததற்கு அந்த ஒரு பிரயோஜனம்.

இப்போது ஒரு சின்ன சிக்கல். அந்த போலிப் பேப்பரில் ஒரு எழுத்து கூடுதலாக இருப்பதை ஆணையத்துக்குப் புரியவைக்க வேண்டும். சொல்தா தாத்தா கோடு போட்ட தாளில் முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இது செல்லாது, சான்று பெற்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும் என்கிறார் வக்கீல். எங்கே செய்வார்கள் என்று நேரு வீதிப் பக்கம் நாலு பேரைக் கேட்டேன். மூணு பேர் கைகாட்டியது அதே மாடிப்படியை.