நாலு பேரும் சேரலாமா? குடும்பமாக டேக்வாண்டோ கற்ற அனுபவம்

இந்த மாதத்திலிருந்து எங்கள் டேக்வாண்டோ வகுப்பில் கட்டணம் தலைக்கு 300 ரூபாய் ஏறியிருக்கிறது. அதே வாரத்தில்தான் எங்கள் குடியிருப்பில் மேல்மாடி அக்கா, "ஏனுங்க, நாங்களும் நாலு பேரும் சேந்துக்கலாம்னு இருக்கோம், எப்படிங்க?" என்று கேட்டார். படிக்கட்டில் நின்று பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. முதலில் மகள் சேர்ந்தாள், பிறகு மகன், கடைசியாக நானும் என் வீட்டுக்காரரும். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டேக்வாண்டோ என்றால் என்ன, கராத்தேவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். கொரியாவில் பிறந்தது, காலுக்குத்தான் முக்கியத்துவம், 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு. அது போதும். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வகுப்பு நடப்பது கோவையில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மேல் ஹாலில். தரையில் ஒன்றோடொன்று கோத்து விரிக்கிற ரப்பர் மேட். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. வைகாசியிலும் ஆவணியிலும் அடிக்கடி தட்டிப்போகும். ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்குத் தடையில்லாத மாதங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் போனால் மேட் விரிக்கும் முன் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து தரையைத் துடைப்பார்கள். அப்படியும் மஞ்சள் அரிசி ஒன்றிரண்டு மேட்டின் இடுக்கில் மாட்டிக்கொண்டு உள்ளங்காலில் குத்தும். இது குறையாகச் சொல்லவில்லை. ஏசி போட்ட, கண்ணாடி பதித்த இடங்களின் கட்டணத்தை விசாரித்துவிட்டுத்தான் இங்கே வந்தோம்.

டோபோக், அதாவது வகுப்புக்குப் போடுகிற வெள்ளைச் சீருடை, வாங்கும்போது ஒரு விஷயம். அதன் அளவு சென்டிமீட்டரில், உயரத்தை வைத்து வரும். வளரும் பிள்ளைக்கு ஒரு அளவு கூட வாங்கி, கால் பக்கம் உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தடித்த துணி ஆகாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகுப்பில் வரிசை நிற்பது வயதுப்படி இல்லை, பெல்ட் படி. மூத்த பெல்ட் முன்வரிசையில், புதிதாக வந்தவர்கள் பின்னால். நான் வெள்ளை பெல்ட்டோடு கடைசி வரிசையில் நின்றபோது என் மகள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "சாரியோத், கியோங்நே" என்று மாஸ்டர் குரல் கொடுத்ததும் எல்லோரும் குனிந்து வணங்கி எழுவோம். பிறகு ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவார். யாருக்கு யார் கிக் பேடு (உதைத்துப் பழகுகிற மெத்தை) பிடிப்பது என்பதையும் அவர்தான் சொல்வார்; பெரும்பாலும் எனக்குப் பிடிப்பவள் என் மகள்.

அவள் பேடு பிடிக்கிற விதத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. முதல் நாள், யாரும் சொல்லாமலே, பேடை என் இடுப்புக்கும் கீழே இறக்கிப் பிடித்தாள். நான் உதைத்தேன், பட்டது. அடுத்த வாரம் ஒரு விரற்கடை ஏற்றினாள். அதுவும் பட்டது. இப்படி மாதக்கணக்கில் எனக்கே தெரியாமல் ஏற்றிக்கொண்டே போய், ஒருநாள் அவள் மார்பு உயரத்துக்குப் பேடு வந்திருந்தது. அன்றைக்கு "டப்" என்று சத்தம் வந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அம்மா, கால் திரும்புச்சு!" என்றாள். வீட்டில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது நான் அவளிடம் இத்தனை பொறுமையாக இருந்ததில்லை. பிள்ளை எனக்குக் கற்றுத்தரும்போது அவளுக்குள் எத்தனை நிதானம் இருக்கிறது என்பது வேறு எந்த இடத்திலும் எனக்குத் தெரிய வந்திருக்காது. தனித்தனி பேட்ச்சாக, பிள்ளைகளுக்கு ஒரு நேரம், பெரியவர்களுக்கு ஒரு நேரம் என்று நடத்தும் இடங்களில் இது கிடைக்காது.

கால் திரும்புவது என்று அவள் சொன்னது நிற்கிற காலை. பக்கவாட்டில் சுழற்றி அடிக்கிற தோலியோ சாகியில் எல்லோரும் பார்ப்பது உதைக்கிற காலைத்தான். ஆனால் வேலை நடப்பது ஊன்றிய காலில். முன்பாதத்தில் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்கிற அளவுக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். பிள்ளைகளுக்கு இது தானாக வந்துவிடுகிறது. நமக்கு வருவதில்லை; ரப்பர் மேட் வேறு பாதத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் மாதமே முழங்காலின் உள்பக்கம் வலி வந்து, எலும்பு மருத்துவரைப் பார்த்து, ஆறு வாரம் ஓய்வு. திரும்பி வந்தபோது மாஸ்டர் அவரைச் சுவரோரம் நிறுத்தி, கையைச் சுவரில் ஊன்றச் சொல்லி, உதையே இல்லாமல் குதிகாலை மட்டும் திருப்ப வைத்தார். ஒரு மாதம் முழுக்க அதுதான். பின்னால் இருபது பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும்போது ஒரு மனிதரின் குதிகாலை உட்கார்ந்து பார்க்கிற பொறுமை எல்லா மாஸ்டருக்கும் இருக்காது. இன்றைக்கு அவர் முழங்கால் நன்றாக இருக்கிறது. இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

மகனுக்குப் பிடித்தது கியோருகி, அதாவது சண்டைப் பயிற்சி. குத்துக்கு 1 புள்ளி, மார்புக் கவசத்தில் படும் உதைக்கு 2, தலைக்கு 3, சுழன்று அடித்தால் இன்னும் அதிகம் என்று நாள் முழுக்க அவனுக்கு அதே பேச்சு. தலைக்கவசம், பல் காப்பு, முன்கை, கணுக்கால் காப்பு எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய செலவு வரும். அதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. எனக்கும் மகளுக்கும் பிடித்தது பூம்சே, அதாவது எதிராளி இல்லாமல் வரிசை மாறாமல் செய்கிற அசைவுகள். தேகுக் வரிசையில் எட்டு பூம்சே. முதலாவதில் 18 அசைவுகள்தான். கீழ்த் தடுப்பு, குத்து, முன்னுதை, மேல்தடுப்பு, கடைசிக் குத்தில் ஒரு கத்தல். மொட்டைமாடியில் நாலு பேரும் ஒன்றாகச் செய்வோம். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். "இந்தத் திருப்பத்துல உம் புருசன் மட்டும் பின்னால வரான்" என்று சரியாகச் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கொரியச் சொல்லும் தெரியாது, ஆனால் வரிசை மனப்பாடம்.

இப்போது பெல்ட் டெஸ்ட்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே கோடு போட்ட ஒரு படி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், நிறம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நாலு பேர் என்றால் அந்த மாதம் மளிகைக் கணக்கே ஆடிப்போகும். ஆனால் என் கோபம் பணத்தின் மேல் இல்லை. இந்த மூன்று வருடத்தில் யாரும் டெஸ்ட்டில் தவறி நான் பார்த்ததில்லை. பணம் கட்டியவர்கள் எல்லோரும் பாஸ்.

மகள் தேகுக் நான்கு செய்து காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதில் முதல் அசைவே பின்நிலை: எடையின் பெரும்பகுதி பின்காலில் இருக்க, முஷ்டி மடக்காமல் கைகளைக் கத்தி மாதிரி வைத்துத் தடுக்க வேண்டும். ஆறு பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தினார்கள். அவள் எடையை முன்காலில் போட்டுவிட்டாள். திரும்பும்போது தடுமாறி இரண்டு முறை பாதத்தை மாற்றி வைத்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள், அடுத்த ஆறு பேர் வந்தார்கள். சாயங்காலம் புது பெல்ட், சான்றிதழ், கைதட்டல், குழுப்படம். வீட்டுக்கு வந்து டோபோக்கைக் கழற்றும்போது கேட்டாள்: "அம்மா, நான் ரெண்டு தடவை ஆடிட்டேன். அவங்க பாக்கலையா?"

பிள்ளைக்குத் தெரிகிறது. தன் கால் எங்கே ஆடியது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. எனக்காக விரற்கடை விரற்கடையாகப் பேடை ஏற்றிய பிள்ளை அவள்; தயாராகாமல் உயரத்தைக் கூட்டக் கூடாது என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டவள். அவளிடம் போய், பரவாயில்லை, காசு கட்டினால் போதும் என்று சொல்கிற மாதிரி ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார். "அக்கா, மாசக் கட்டணம் ஹால் வாடகைக்கே போயிடுதுங்க. டெஸ்ட் இருக்கறதாலதான் நான் இந்த வேலைய விடாம இருக்கேன். ஒரு தடவ ஏத்தாம நிறுத்திப் பாத்தேன். அஞ்சு புள்ளைங்க நின்னுட்டாங்க. நின்னது புள்ளைங்க இல்லீங்க, பெத்தவங்க நிறுத்திட்டாங்க." இது பொய் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நீல பெல்ட், உனக்கு இன்னும் ஏன் பச்சை என்று கேட்கிற பெற்றோரை நானே அந்த ஹாலின் வாசலில் பார்த்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்கும் என்று நம்பிக் கலர் பெல்ட் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. கலர் பெல்ட் சான்றிதழ் பொதுவாக அந்தந்தப் பயிற்சிக்கூடமோ சங்கமோ தருவது. சியோலில் 1972-இல் திறந்த குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகம் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும்படி தருவது கறுப்பு பெல்ட் சான்றிதழ். அங்கேயும் 15 வயதுக்குக் கீழே என்றால் கறுப்பு இல்லை, சிவப்பும் கறுப்பும் பாதிப்பாதியாக இருக்கும் பூம். நம் நாட்டில் டேக்வாண்டோ அமைப்புகளுக்குள்ளேயே நீண்ட காலத் தகராறு இருப்பதால், உங்கள் மாஸ்டர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கறுப்பு பெல்ட் வரும்போது குக்கிவோன் சான்றிதழுக்கு அனுப்புவாரா என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

மாஸ்டரின் நியாயம் எனக்குப் புரிகிறது. இருபத்தாறு வயதுப் பையன், சாயங்காலம் முழுக்கத் தொண்டை வறளக் கத்துகிறார், மாதம் முடிந்தால் கையில் மிஞ்சுவது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் நான் சொன்னேன்: மாதக் கட்டணத்தை ஏற்றுங்கள், டெஸ்ட்டை வருடத்துக்கு இரண்டாகக் குறையுங்கள், தயாராகாத பிள்ளையை அடுத்த முறை வா என்று சொல்லுங்கள், நாங்கள் நாலு பேரும் உங்களை விட்டுப் போக மாட்டோம் என்று. இந்த மாதம் கட்டணம் ஏறிவிட்டது. டெஸ்ட் அறிவிப்பும் அதே பழைய மூன்று மாதக் கணக்கில் குழுவில் வந்து விழுந்தது, அதுவும் ஏறிய கட்டணத்தோடு.

நான் இரண்டு டெஸ்ட்டாக எழுதவில்லை. என் யோப் சாகியில் (பக்கவாட்டு உதையில்) ஊன்றிய காலின் குதிகால் இன்னும் சரியாகத் திரும்பவில்லை, அது திரும்பும்வரை பச்சையே போதும் என்று சொல்லிவிட்டேன். மாஸ்டருக்கு அதில் வருத்தம். மகளையும் அப்படி நிறுத்தலாமா என்று கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் முன்வரிசைக்குப் போய்விடுவார்கள், தான் மட்டும் பின்னால் நிற்க வேண்டும் என்றாள். அந்த அழுகையும் நியாயம்தான். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளையின் முதுகில் என் கொள்கையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஆக, அக்காவுக்கு என் பதில். குடும்பமாக ஒரே வகுப்பில் கற்பதற்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டால் எந்த வயதிலும் தொடங்கலாம். மாஸ்டர் தங்கமான மனிதர், கற்றுக்கொடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது எங்கள் வகுப்பில் நாலு பேராகச் சேராதீர்கள். இன்றைய தேதிக்கு அதற்கு நான் 5-க்கு 2 தான் கொடுப்பேன். வேறு இரண்டு இடம் போய்ப் பாருங்கள். வகுப்பைப் பார்க்காதீர்கள், டெஸ்ட் நடக்கிற நாளில் போய் உட்காருங்கள். யாரையாவது "இன்னும் பழகிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார்களா என்று பாருங்கள். அப்படி ஓர் இடம் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நாங்கள் ஏறிய கட்டணத்தை நாலு பேருக்கும் கட்டிவிட்டோம். அடுத்த டெஸ்ட்டுக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறது.