கன்று வளர்க்க நான்கடி எல்இடி பட்டறை விளக்கு: ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவில் மிளகாயையும் கத்தரியையும் நேரடியாக நிலத்தில் விதைப்பவர், அவை நன்றாகக் காய்க்கத் தொடங்கும் வேளையில் அடுத்த உறைபனியைச் சந்திக்க நேரும். மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டியே கன்றுகளை வெளியே நடுவது இங்குள்ள வழக்கம் என்பதால், மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் தொடக்கத்திலும் தக்காளி விதையை அம்மாத இறுதியிலும் வீட்டுக்குள் போட வேண்டியிருக்கிறது. அப்போது கிடைக்கும் சன்னல் வெளிச்சம் போதாமல் கன்றுகள் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, தண்டு மெலிந்து நீண்டுவிடும்.

இதற்கென்று நான் பயன்படுத்துவது, வன்பொருள் கடைகளில் பட்டறை விளக்கு என்று விற்கப்படும் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு. நான்கடி நீளம், 40 வாட் மின்சாரம், 5000 கெல்வின் நிறம், 4500 லூமென் ஒளி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. விலை 50 டொலருக்குள் அடங்கியது. செடி வளர்ப்பதற்கென்றே தனியாக விற்கப்படும் ஊதா நிற விளக்குகளை விட, கன்றுப் பருவத்துக்கு இதுவே மேல் என்பது என் முடிவு. அந்த ஊதாவில் கலந்திருக்கும் சிவப்பும் நீலமும் செடிக்குப் பயன்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் வெள்ளை எல்இடியின் ஒளியில் அவ்விரண்டும் இருக்கின்றன, பச்சை ஒளியையும் இலை வீணாக்குவதில்லை. அத்துடன், ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. அவ்விளக்குகளின் பெட்டிகளில் பெரிதாகத் தெரியும் ‘1000 வாட்டுக்கு இணை’ போன்ற வாசகங்களைப் புறக்கணித்து, உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்ற சிறிய எழுத்தைத் தேடிப் படிப்பது நல்லது.

விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தொங்கவிடும் உயரமே பலனைத் தீர்மானிக்கிறது. குழல் வடிவ விளக்கில், நெருக்கமான தூரங்களுக்குள், உயரத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கைபேசியில் கிடைக்கும் ஒளிமானிச் செயலி துல்லியமானதன்று என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்: இலை மட்டத்தில் 14,000 லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலகு) காட்டினால், செடி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் கணக்கில், வெள்ளை எல்இடிக்கு அது ஒரு சதுர மீற்றரில் நொடிக்குச் சுமார் 200 மைக்ரோமோல் ஒளித்துகளுக்குச் சமம். நாளொன்றுக்கு 16 மணி நேரம் அவ்வளவு ஒளி கிடைத்தால் தக்காளிக் கன்று தடித்த தண்டோடு நிற்கும். இந்த விளக்கில் அந்த அளவு, இலையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் கிடைக்கிறது. கன்று வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும். உடன் வரும் சங்கிலியோ மிகக் குட்டை என்பதால் வேறு சங்கிலி வாங்க நேர்ந்தது.

10க்கு 20 அங்குலத் தட்டுகள் இரண்டு இதன் கீழ் நீளவாக்கில் அடங்கும். இரு முனைகளிலும் ஒளி தெளிவாகக் குறைவதால் தட்டுகளை அடிக்கடி திருப்பி வைக்க வேண்டியிருப்பது ஒரு குறை. நேரம் பார்த்து அணைக்கும் கருவியும் இதில் இல்லை. அதைத் தனியாக வாங்கிச் செருகிவிட வேண்டும், மனித ஞாபகத்தை நம்பக் கூடாது. நாளுக்கு 16 மணி நேரம் வீதம் எட்டு வாரம் எரித்தாலும் சுமார் 36 யூனிற் மின்சாரமே செலவாகும்.

இந்த விளக்கிடம் எதிர்பார்க்கக் கூடாதது வெப்பம். பழைய குழல் விளக்குகள் தந்த இளஞ்சூடுகூட இதில் பெரிதாக இல்லை. மிளகாய் விதை விரைவாக முளைக்க மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். குளிர்ந்த நிலக்கீழ் அறையில் அந்தச் சூடு தானாக வராது. குளிர்ந்த ஈரமண்ணில் விதை அழுகுவதும், முளைத்த கன்று அடித்தண்டு கறுத்துச் சரிந்து விழும் நாற்றழுகல் நோயும் அங்கே எளிதில் வரும். அதனால் முளைக்கும் வரையில் தட்டின் கீழ் வெப்ப விரிப்பு ஒன்று தேவை. முளைத்தபின் அதை எடுத்துவிட்டு, சிறிய மின்விசிறியால் காற்றோட்டம் கொடுத்து, தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து ஊற விட வேண்டும். தண்ணீர் தெளிக்கும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க: இவ்வகை விளக்குகளில் பல, உலர்ந்த இடத்துக்கு மட்டுமே உரியவை.

இதன் கீழ் வளர்ந்த கன்றை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸை எட்டும், விளக்கு தருவதோ அதில் ஏழில் ஒரு பங்குதான். ஆகவே முதலில் நிழலில் ஓரிரு மணி நேரம் என்று தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, இரவு வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே போகாத நாட்கள் வந்தபின் மிளகாயையும் கத்தரியையும் நட வேண்டும்.

பாகலுக்கும் புடலங்காய்க்கும் மட்டும் இந்த விளக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மூன்று நான்கு வாரங்களில் கொடி வீசிச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது நுனி முறியும். ஏப்ரல் இறுதியில் போட்டுத் தெற்குச் சன்னலில் வைப்பதே அவற்றுக்குப் போதும்.