அலுவலகத்தில் விஆர் ஹெட்செட்: அந்த ஸ்பான்ஜை மட்டும் மன்னிக்க முடியவில்லை

சென்னையில் இருக்கும் தோழி கேட்டாள்: மன அழுத்தத்தைக் குறைக்க அவள் அலுவலகத்தில், கண்களை மறைத்து மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் இருப்பதுபோலவே காட்டும் விஆர் ஹெட்செட் வாங்கப் போகிறார்களாம், நீ நெடுநாளாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா? திரை, நினைவகம், பேட்டரி பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்று, முகத்தில் அழுந்தும் ஸ்பான்ஜ்.

பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பவர்கள் ஏப்ரல் மதியத்தில் பெல்லந்தூர்ப் பக்கம் வந்து பார்க்கட்டும். வியர்வையை உறிஞ்சும் ஸ்பான்ஜ் எளிதில் காய்வதில்லை. கண்மை அதில் அப்பிக்கொள்கிறது. ஸ்டிக்கர் பொட்டு அதோடு போய்விடுகிறது. பின்பட்டை சரியாகச் சடை தொடங்கும் இடத்தில் வந்து உட்கார்கிறது. அரைக் கிலோ எடையில் பெரும்பகுதி முன்பக்கம் இருப்பதால், பட்டையைத் தளர்த்தினால் கருவி கன்னத்தில் சரியும், இறுக்கினால் நெற்றியில் தடம் விழும். அந்தத் தடத்தோடுதான் அடுத்த வீடியோ மீட்டிங்கில் உட்கார வேண்டும். மன அமைதிக்கென்று விற்கும் பொருளை, முகத்தைத் தொடும் இடத்திலேயே இவ்வளவு அலட்சியமாகச் செய்திருப்பது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது. 2021-ல் ஃபேஸ்புக், தோல் எரிச்சல் புகார்கள் வந்ததால், தன் குவெஸ்ட் 2 என்ற விஆர் ஹெட்செட்டின் ஸ்பான்ஜைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, மேலே போட இலவச சிலிக்கோன் உறை கொடுத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் கருவிகள்! என்னுடையது வேறு நிறுவனத்தின் கருவி. அங்கே யாரும் அதிலிருந்து எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாட்டிக்கொண்ட பிறகு கிடைப்பது அருமை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அலுவலகத்தில் எங்கள் தளம் தடுப்பே இல்லாத நீளக் கூடம். என் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர். ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. விஆர் செயலிகள் காட்டையும் ஏரியையும் காட்டுவது அந்த நம்பிக்கையில்தான். எனக்கோ, ஏரியைவிடப் பெரிய நிம்மதி, கைபேசி கண்ணில் படாததும் யாரும் குறுக்கே வந்து பேசாததும். விரிந்து சுருங்கும் ஒளிவட்டத்தைப் பார்த்தபடி நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று சிறிது நேரம் உட்கார்ந்தால் தோள்கள் தாமாகவே தளர்கின்றன. இரவு அமெரிக்கக் குழுவோடு பேசுவதற்கு முன் இதைச் செய்த நாட்களில் என் குரலில் சிடுசிடுப்பு இல்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு இவ்வளவு உதவிய பொருள் வேறில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். நடந்து போகும் காட்சிகளில் கண் ஒன்று சொல்லும், உள்காது வேறொன்று சொல்லும், குமட்டல் வந்துவிடும். லென்ஸில் வெயில் படவே கூடாது. அது சூரிய ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.

எங்கள் அலுவலகமும் ஓய்வறையில் பொதுவாகச் சில ஹெட்செட்களை வைத்தது. முன்னால் போட்டவரின் வியர்வை காயாத ஸ்பான்ஜில் முகத்தை வைக்கச் சொல்வது என்ன ஊழியர் நலன்? நள்ளிரவு மீட்டிங்குகளில் பாதியைக் குறைத்திருந்தால், ஹெட்செட் இல்லாமலேயே எல்லோரும் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். இப்போது அவை அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன.

போன மாதம் என் ஸ்பான்ஜ் கிழிந்தது. மாற்று ஸ்பான்ஜ் தனியாகக் கிடைக்காது, முன்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். கடைசியில் சிவாஜி நகரில் ஒரு தையற்காரர் பருத்தித் துணியில் உறை தைத்துக் கொடுத்தார். கழற்றித் துவைக்கலாம், பொட்டும் ஒட்டுவதில்லை. கருவியைச் செய்தவர்களுக்குத் தோன்றாதது அவருக்குப் பார்த்த உடனே தோன்றியது.

தோழிக்கு என் பதில்: வாங்க வேண்டாம், உன் அலுவலகத்தையும் வாங்க விடாதே. உன்னுடையதை எனக்கு விற்கிறாயா என்றும் கேட்டிருந்தாள். விற்க மாட்டேன்.